கோழிகளின் இராணிக்கெற் நோய்: அது பரவும் விதமும் உடலைத் தாக்கும் விதமும்

கோழிகளுக்கு உண்டாகும் நோய்கள் பலவற்றுள்ளும், ஒரு வாரத்திற்குள் ஒரு கூட்டை முழுவதும் வெறுமையாக்க வல்லது இராணிக்கெற் நோயாகும். நியூகாசில் நோய் என்பதும் இதுவே. உண்ணி, குடற்புழு, அம்மை முதலியவற்றாற் கோழி வளர்ப்போர் அடையும் நட்டம் சிறுகச் சிறுக வருவது. இந்நோயால் வரும் நட்டமோ ஒரே வீச்சில் வருவது. தடுப்பு மருந்து பெறாத ஊர்க்கோழிகளிடையே கொடிய வகைக் கிருமி நுழைந்துவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் இறத்தல் கூடும். முட்டை விற்றுப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் காசு தேடும் வீடுகளுக்கு இஃது ஒரு சிறிய இழப்பன்று.

இந்நோய் கண்டபின் அதனை மாற்றும் மருந்து இல்லை என்பதைப் பலரும் அறிவர். ஆயின் அஃது எவ்வாறு ஒரு வளவிலிருந்து மற்றொரு வளவுக்குச் செல்கின்றது, கோழியின் உடலினுள்ளே என்ன செய்கின்றது என்பவற்றை அறிந்தோர் சிலரே. தடுப்பு முறைகள் யாவும் இவ்விரண்டையும் ஆதாரமாகக் கொண்டவையாதலின், அவற்றைச் சற்று விரித்துக் கூறுவோம்.

பெயர் வந்த வரலாறு

1926 ஆம் ஆண்டிலே யாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரை அடுத்த பண்ணைகளிலும் கோழிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பெருந்தொகையாக மடிந்தன. கீழ்த்திசையிலிருந்து சென்ற கப்பல்களில் உணவுக்காகக் கொண்டு செல்லப்பட்ட கோழியிறைச்சியோ அதன் கழிவோ இந்நோயை அத்துறைமுகத்திற்குக் கொண்டு சேர்த்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அங்கே இதனை ஆராய்ந்த டொயில் என்பவர், இதற்குத் தக்க பெயர் பின்னர் கிடைக்கும் என எண்ணி, ஊரின் பெயரையே தற்காலிகமாக இட்டு வைத்தார். அத்தற்காலிகப் பெயரே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. சிறிது காலத்தின் பின் இந்தியாவிலே குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெற் என்னும் ஊரில் இதே நோய் தோன்றிற்று. அவ்வூர்ப் பெயரே நம் நாட்டவரின் நாவில் நிலைத்துவிட்டது. இருபெயரையும் கேட்டு இவை இரண்டு நோய்களென மயங்க வேண்டியதில்லை.

நோய்க் கிருமி

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரசு. பற்றீரியாக்களைப் போலத் தானே உண்டு தானே பெருகும் இயல்பு வைரசுக்கு இல்லை. உயிருள்ள கலமொன்றினுள் நுழைந்து, அக்கலத்தின் கருவிகளையே தன் வேலைக்குப் பயன்படுத்திப் பெருகுவதே அதன் வழக்கம். இவ்வைரசின் பருமன் மில்லிமீற்றரின் பத்தாயிரத்திலொரு பங்கு முதல் அதன் ஐந்து மடங்கு வரை இருக்கும். அதன் உள்ளே, ஏறக்குறைய 15,000 எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு போன்ற பரம்பரைப் பொருள் இருக்கின்றது. அதைச் சூழ்ந்து கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை உண்டு. இவ்வுறை கிருமிக்குப் பாதுகாப்பாயினும் அதன் பலவீனமும் அதுவே. சவர்க்காரம் கொழுப்பைக் கரைப்பதாற் சாதாரண சவர்க்கார நீரே அதனை அழிக்கப் போதுமானது. நேர் வெயிலும் அதனைக் கெடுக்கும். 60 பாகை சதம வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தால் அது செயலற்றுப் போகும். ஆனால் நிழலும் ஈரமும் பொருந்திய இடத்திலே, எச்சத்தினுள்ளும் இறகினுள்ளும் அது பல நாள் தங்கியிருக்கும். குளிரூட்டிய இறைச்சியிற் பல மாதங்கள் தங்கும்.

பரவும் விதம்

இது முதன்மையாகச் சுவாச வழியாற் பரவும் நோய். நோயுற்ற கோழி இருமும்போதும் தும்மும்போதும் தலையை உதறும்போதும் நுண்ணிய நீர்த்துளிகள் காற்றிற் கலக்கின்றன. அருகிலிருக்கும் கோழி அக்காற்றை உள்ளே இழுக்கின்றது. இரவிலே கோழிகளை நெருக்கமாக ஒரு சிறு கூட்டில் அடைத்து, குளிருக்கும் கீரிக்கும் பயந்து காற்றோட்டத்தை மூடிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். இவ்வாறு அடைத்த ஒரே இரவில், நோயுற்ற ஒரு கோழியிலிருந்து ஏனையவை எல்லாவற்றுக்கும் கிருமி சென்றுவிட இடமுண்டு. கீரிக்குத் தடையாகக் கம்பி வலை அடிப்பது நன்று. பலகையால் முற்றாக அடைப்பது நன்றன்று.

பறவைகளின் சுவாச அமைப்பும் இக்கிருமிக்கு வாய்ப்பானது. கோழியின் சுவாசப்பை நம்முடையது போன்று விரிந்து சுருங்குவதில்லை. அதனோடு இணைந்த ஒன்பது காற்றுப்பைகளே துருத்திபோலக் காற்றை இழுத்துச் செலுத்துகின்றன. இப்பைகள் வயிற்றறை வரையும், சில என்புகளின் உள்ளேயும் பரந்துள்ளன. ஆகவே மூச்சோடு உட்புகுந்தது எதுவும் உடலின் ஆழமான இடங்கள் வரை எளிதிற் சென்றடையும். அன்றியும் கோழிக்கு வியர்வை இல்லை. வெயிற் காலத்தில் அது சொண்டைத் திறந்து விரைவாக மூச்சு விட்டே உடலைக் குளிர்விக்கின்றது. அப்போது அது உள்ளிழுக்கும் காற்றும் அதிகமாகின்றது.

காற்று ஒரு வழியாயின், எச்சம் மற்றொரு வழி. நோயுற்ற கோழியின் எச்சத்தில் வைரசு ஏராளமாக வெளிப்படும். அவ்வெச்சம் படிந்த தரையைக் கிளறியும், அது விழுந்த நீரைக் குடித்தும் பிற கோழிகள் அதனைப் பெறுகின்றன. எச்சம் வளவுக்குள்ளேயே நிற்பதுமில்லை. செருப்பின் அடியிலும், துவிச்சக்கர வண்டியின் சில்லிலும், முட்டைத் தட்டிலும், தீன் சாக்கிலும் ஒட்டிக்கொண்டு அது ஊர்விட்டு ஊர் செல்லும். வீடு வீடாகச் சென்று கோழி வாங்கும் வியாபாரி ஒருவர் நாளொன்றில் எத்தனை வளவுகளில் கால் வைக்கின்றார், அவருடைய கூடையில் எத்தனை வீட்டுக் கோழிகள் ஒன்றின் மேலொன்றாக அடைந்து கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்நோய் ஒரு கிராமத்தைச் சில நாட்களில் சுற்றி வருவதன் காரணம் விளங்கும். அவரைக் குறை கூறுவதற்காக இதனைக் கூறவில்லை. கூடையைப் படலைக்கு வெளியே வைக்கச் சொல்லி, விற்கும் கோழியை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் அவருக்கும் நட்டமில்லை, நமக்கும் அச்சமில்லை.

புறாக்களையும் மறத்தல் ஆகாது. இவ்வைரசின் ஒரு வகை புறாக்களைத் தாக்கும் இயல்புடையது. 1984 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பல பண்ணைகளில் இந்நோய் தோன்றியபோது அதன் மூலத்தைத் தேடிச் சென்றவர்கள், இலிவர்பூல் துறைமுகக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டிருந்த தானியத்தின் மேல் நோயுற்ற புறாக்கள் எச்சமிட்டிருந்ததைக் கண்டனர். அத்தானியத்தாற் செய்த தீனே பண்ணைகளுக்கு நோயைக் கொண்டு சென்றது. தீனை மூடி வைத்தல் எலிக்காக மட்டுமன்று. கூட்டிற் பறவைகளை வளர்ப்போரும் இதனைக் கவனித்தல் வேண்டும். கலிபோர்ணியாவில் 1971 இல் தொடங்கிய பெருநோய், வெளிநாட்டிலிருந்து கொண்டு வரப்பட்ட கிளியினப் பறவைகளோடு வந்தது. அதனை ஒழிக்க ஏறக்குறைய ஒரு கோடியே இருபது இலட்சம் கோழிகளைக் கொல்ல நேர்ந்தது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. கிருமி உடலிற் புகுந்து நோய்க்குறி தோன்றுவதற்குப் பெரும்பாலும் 5 அல்லது 6 நாட்கள் செல்லும். சிலபோது 2 நாளிலும், சிலபோது 15 நாள் கழித்தும் தோன்றலாம். குறி தோன்றுவதற்கு முன்னரே அக்கோழி கிருமியை வெளிவிடத் தொடங்கிவிடும். ஆகவே கூட்டில் ஒரு கோழி இறந்தவுடன், "மற்றவை நன்றாகத்தானே நிற்கின்றன, கெடுமுன் விற்றுவிடுவோம்" என்று எண்ணி அவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்வோர், நல்ல கோழியை விற்கவில்லை. நோயைப் பத்து வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றனர். ஏழைக் குடும்பத்தினர் கைக்கு வரும் காசை விட மனமின்றி இதனைச் செய்வதும் உண்டு. அவ்வருத்தம் உண்மையானதே. எனினும் இந்நாட்டின் கிராமங்களில் இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்கு இவ்வொரு பழக்கத்தைப் போல் உதவுவது வேறொன்றுமில்லை.

உடலினுள்ளே நடப்பது

மூக்கின் உட்புறத்திலும் வாதனாளியிலும் உள்ள கலங்களின் மேல் வைரசு முதலில் ஒட்டிக்கொள்ளும். அதன் உறையின் மேல் முட்கள் போன்று நீட்டி நிற்கும் இருவகைப் புரதங்கள் உள. ஒன்று கலத்தைப் பற்றிக்கொள்ளும் கை. மற்றையது வைரசின் உறையையும் கலத்தின் உறையையும் ஒன்றாக இணைத்து உள்ளே வழி திறக்கும் சாவி. இரண்டாவதாகிய சாவி செய்யப்படும்போது முழுமையாக இருப்பதில்லை. அதனை ஓரிடத்தில் வெட்டினால் மட்டுமே அது வேலை செய்யும். அவ்வாறு வெட்டும் கத்தி வைரசிடம் இல்லை. கோழியின் உடலிலுள்ள நொதியங்களே அறியாமல் அதனைச் செய்து கொடுக்கின்றன.

இந்நோயின் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது. மென்மையான வகை வைரசுகளின் சாவியைச் சுவாச வழியிலும் குடலிலும் மட்டும் காணப்படும் நொதியங்களே வெட்ட வல்லன. ஆகவே அவை அவ்விடங்களிற் சிறிது பெருகி, சளியோடு நின்றுவிடும். பல கோழிகளில் ஒரு குறியும் தோன்றாது. கொடிய வகைகளின் சாவியிலோ, வெட்டும் இடத்திலுள்ள சில கூறுகள் மாறியிருக்கும். அவற்றை வெட்டும் நொதியம் உடலின் எல்லாக் கலங்களிலும் உண்டு. எனவே எந்தக் கதவும் அவ்வைரசுக்குத் திறக்கும். ஈரல், மண்ணீரல், குடல், மூளை ஆகிய எங்கும் அது பெருகும். 1976 இல் வெளியான ஆராய்ச்சிகளால் இவ்வுண்மை தெளிவாயிற்று. இன்றும் ஒரு வைரசு கொடியதா அன்றா என ஆய்வுகூடத்தில் அறிவதற்கு அவ்வெட்டுமிடத்தின் எழுத்துக்களையே படித்துப் பார்க்கின்றனர். அவுஸ்திரேலியாவில் 1998 முதல் சில ஆண்டுகள் காணப்பட்ட நோய், வெளியிலிருந்து வந்ததன்று; அந்நாட்டுக் கோழிகளிடையே தீங்கின்றி உலவிய மென்மையான வைரசொன்றின் அவ்விடத்திலே சில எழுத்துக்கள் மாறியதால் உண்டாயிற்று.

கோழியின் உடலிற் காணும் குறிகளும், வைரசு எங்கே பெருகுகின்றது என்பதற்கேற்ப வேறுபடும். வாதனாளியின் உட்படலம் புண்பட்டு, சளி நிறைந்து, கோழி கழுத்தை நீட்டிச் சொண்டைத் திறந்து மூச்செடுக்கும். இரவில் கூட்டினருகே நின்றால் கரகரவென்ற ஒலி கேட்கும். கண்ணைச் சுற்றி வீங்கும். முன்னிரைப்பையின் சுவரிலும் குடலின் பல இடங்களிலும் இரத்தம் கசிந்து புண்ணாகும். பச்சை நிறமாகக் கழியும். இரை தின்னாது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் குறாவி நிற்கும். நோய் மூளையையும் நரம்புகளையும் தொட்டுவிட்டாற் கழுத்து முறுகித் தலை பின்னோக்கித் திரும்பும், சிறகு தொங்கும், கால் இழுக்கும், கோழி வட்டமாகச் சுற்றும். முட்டையிடும் பேடுகளின் முட்டை திடீரெனக் குறையும். இடுபவையும் தோல் முட்டையாகவோ உருக்கெட்டோ இருக்கும். மிகக் கொடிய வகையில் இவற்றுள் ஒன்றும் தோன்றுமுன்னரே, மாலையில் மேய்ந்து வந்த கோழி காலையில் இறந்து கிடக்கும். தப்பிப் பிழைப்பவற்றுட் சில வாழ்நாள் முழுவதும் கோணிய கழுத்துடனே திரியும்.

புண்பட்ட சுவாச வழியிற் பற்றீரியாக்களும் குடிபுகுவதுண்டு. பெனிசிலின் முதலிய மருந்துகளைக் கொடுத்தபின் சில கோழிகள் தேறியதாகச் சொல்வதன் காரணம் இதுவாகும். அம்மருந்துகள் பற்றீரியாவைக் கொல்லும். வைரசை அணுகவும் மாட்டா. அவற்றுக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண்.

கோழிகளைத் தாக்கும் பறவைக் காய்ச்சலும், பற்றீரியாவால் வரும் கோழி வாந்திபேதியும் முதற்பார்வைக்கு இதனை ஒத்தவை. கண்ணாற் பார்த்து உறுதி கூறுவது கைதேர்ந்தவர்க்கும் அரிது. ஆதலின் இரண்டு மூன்று கோழிகள் அடுத்தடுத்து இறப்பின், உடனே பிரதேச மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். புதிதாக இறந்த கோழியொன்றை இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் இட்டுக் கட்டி வைத்தால் ஆராய்வதற்கு உதவும். உலக விலங்கு நல நிறுவனத்திற்கு நாடுகள் அறிவிக்க வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்று.

தடுப்பு மருந்து

மேலே கூறிய மென்மையான வைரசே தடுப்பு மருந்தாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1940 களில் கண்டெடுக்கப்பட்ட பீ1, லாசோற்றா என்னும் இரு வகைகளும் உலகெங்கும் வழங்குகின்றன. லாசோற்றா என்பது அது கிடைத்த பண்ணைக்காரரின் பெயர். இவை கோழியின் சுவாச வழியில் அடக்கமாகப் பெருகி, உடலுக்கு அவ்வைரசின் உருவத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கி வைத்துக்கொள்கின்றது. இந்தியாவின் முக்தேசுவர் ஆய்வுகூடத்தின் பெயரால் வழங்கும் வகை இவற்றினும் வலியது. அதனை எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கே ஊசியால் ஏற்றுவர். இளங் குஞ்சுகளுக்கு அஃது ஆகாது.

"நோய் நெஞ்சிலும் குடலிலும்; மருந்தைக் கண்ணில் ஏன் இடுகின்றீர்கள்?" என்று கேட்போர் உளர். கண்ணிலிட்ட துளி கண்ணீர்க் குழாய் வழியே மூக்கினுள் இறங்கும். நோய் நுழையும் வாயிலிலேயே காவலை அமர்த்துவதற்கு அதுவே நேர்வழி. துளியை இட்டபின் கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருத்தல் வேண்டும். குடிநீரிற் கொடுப்பின், மருந்தைக் கலக்குமுன் கோழிகளுக்கு இரண்டு மணி நேரம் நீர் கொடாதிருத்தல் நன்று. குளோரீன் இட்ட குழாய் நீரோ, அண்மையிற் குளோரீன் இட்ட கிணற்று நீரோ மருந்தைக் கொன்றுவிடும். நல்ல கிணற்று நீரில் இலீற்றருக்கு 2.5 கிராம் ஆடை நீக்கிய பால்மா கரைத்து, அதில் மருந்தைச் சேர்த்து, நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துள் குடித்து முடிக்கச் செய்தல் வேண்டும்.

மருந்திலுள்ளது உயிருள்ள வைரசாதலின் அதனை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்தல் வேண்டும். பனிக்கட்டியின்றிச் சட்டைப் பையில் மருந்தைக் கொண்டு வருவோர், பல சமயம் வெறும் நீரையே கோழிக்கு இடுகின்றனர். இவ்விடர்ப்பாட்டைக் குறைப்பதற்காகவே வெப்பத்தைத் தாங்கும் வீ4, ஐ-2 என்னும் வகைகள் அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்தில் உருவாக்கப்பட்டன. கிராமக் கோழிகளுக்கென அவை பல நாடுகளிற் பயன்பட்டுள்ளன. அவையும் வெயிலைத் தாங்கா.

மற்றோர் இடர்ப்பாடு, ஒரு சிமிழ் மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமானது. வீட்டிலோ எட்டுக் கோழிகள். திறந்த மருந்தை நாளைக்கென வைத்தல் இயலாது. ஒழுங்கையிலுள்ள வீட்டார் எல்லோரும் ஒரு நாளைக் குறித்து, அதிகாலையிற் கூடு திறக்குமுன் மிருக வைத்திய உத்தியோகத்தரை அழைப்பின், செலவும் குறையும்; ஒரு வீட்டை விட்டு ஒரு வீடு மருந்து பெறும் குறையும் நீங்கும். காவல் உண்டாக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை செல்லும். அது நெடுநாள் நில்லாதாதலின், வெளியே மேயும் ஊர்க்கோழிகளுக்கு மூன்று நான்கு மாதத்திற்கொருமுறை மீண்டும் கொடுத்தல் வழக்கம். நோய் ஏற்கெனவே புகுந்த கூட்டில் மருந்திடுவதாற் கிருமி பெற்றவை பிழையா.

மருந்து பெற்ற கோழி இறவாது என்பதால், அது கிருமியைச் சுமவாது என எண்ணுதலும் தவறு. அவற்றுட் சில, தாம் நலமாயிருந்துகொண்டே சிறிதளவு வைரசை வெளிவிடக் கூடும். மருந்து பெற்ற கோழிகளோடு சந்தையிலிருந்து வாங்கிய புதிய பேடொன்றைச் சேர்த்தவுடன் அப்பேடு மட்டும் இறப்பதுண்டு. இதனைக் கண்ணூறு என்று சொல்வோரும் உளர்.

நோய் வந்தபின் செய்ய வேண்டியவை

இறந்தவற்றை வேலிக்கப்பாலோ குளத்திலோ எறியாது, நாய் தோண்டாத ஆழத்திற் புதைத்துச் சுண்ணாம்பு தூவுதல் வேண்டும், எரித்தலும் நன்று. நோயுற்றதைக் கறியாக்குவோர், நன்றாக வெந்த இறைச்சி தீங்கு செய்யாதாயினும், வெளியே கொட்டும் இறகும் குடலும் அயலவர் கோழிகளுக்கு நஞ்சென்பதை அறிதல் வேண்டும். இக்கிருமி மனிதரின் கண்ணிற் பட்டால் இரண்டொரு நாள் கண் சிவந்து நீர் வடியும். 1943 இல் அவுஸ்திரேலிய அறிஞர் பேணெற் இத்தகைய தொற்றொன்றை எழுதி வெளியிட்டார். அதனின் மிக்க தீங்கு பெரும்பாலும் நேர்வதில்லை. கோழியைத் தொட்ட கையாற் கண்ணைத் தேய்க்காது சவர்க்காரமிட்டுக் கழுவினாற் போதும்.

கூட்டின் எச்சத்தையும் வைக்கோலையும் வாரி எரித்து, பலகைகளையும் பாத்திரங்களையும் சவர்க்கார நீராற் கழுவி, வெயிலிற் காய வைத்து, கடைசிக் கோழி இறந்த நாளிலிருந்து 21 நாட்களேனும் கூட்டை வெறுமையாக வைத்தல் வேண்டும். அதன்பின் வாங்கும் கோழிகள் முன்னரே மருந்து பெற்றவையாயிருத்தல் நன்று. பிழைத்த பேடுகள் இடும் முட்டையின் மஞ்சட் கருவோடு பிறபொருளெதிரிகளும் குஞ்சுக்குச் செல்வதால், அக்குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் வரை ஓரளவு காவலுடையன. அக்காலத்தில் இடும் மருந்தின் வேகத்தையும் அதே காவல் தணித்துவிடும். ஆகவே அவற்றுக்கு முதல் மருந்து இட்ட நாளை ஓலைத் துண்டிலோ நாட்காட்டியிலோ குறித்து வைத்து, மூன்று நான்கு வாரம் கழிந்தபின் இரண்டாம் முறை இடத் தவறலாகாது.